புனேவுக்கு வரும் பெட்டி

கண்ணம்மா,

உன்னோடு தங்கியிருப்பவர்களோடு ஆட நீ கேட்ட பலகை விளையாட்டுக்கு, நம் பிட்வீன் டூ சிட்டீஸ் பெட்டியை இன்று சாயங்காலம் கூரியரில் போடுகிறேன். மரச் சின்னங்களைத் தனியாக ஒரு சின்னக் கவரில் போட்டிருக்கிறேன், பெட்டியைத் திறந்ததும் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே.

செவன் வொண்டர்ஸ் என்ற கார்டு விளையாட்டைப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல விளையாட்டுதான், மறுக்கவில்லை. 2010ல் வந்தது, ஏழு கார்டுகளை வாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ளும் முறையை இவ்வளவு பேருக்குப் பழக்கிவிட்டதே அதுதான். ஆனால் அதில் அவரவர் நகரத்தை அவரவர் கட்டுகிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் காசு கொடுத்துக் கல்லோ மரமோ வாங்கலாம், சண்டை போடலாம், அவ்வளவுதான். வாயே திறக்காமல் ஒரு ஆட்டத்தை முடித்துவிடலாம். ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்று நீ சொன்ன பிறகு, அதை உனக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நம் வீட்டிலிருக்கும் பிட்வீன் டூ சிட்டீஸ் பெட்டியையே அனுப்புகிறேன். நீ காலேஜில் படிக்கும்போது வாங்கியதுதான், விதிகள் உனக்கு மறந்திருக்கும்.

உனக்கும் இடது பக்கத்துக்காரருக்கும் நடுவில் ஒரு ஊர், உனக்கும் வலது பக்கத்துக்காரருக்கும் நடுவில் இன்னொரு ஊர். ஒவ்வொன்றும் நாலுக்கு நாலு, பதினாறு கட்டங்கள். முதல் சுற்றில் கையில் ஏழு டைல்கள் வரும் (கடை, தொழிற்சாலை, மது அருந்தும் பார், அலுவலகம், பூங்கா, வீடு இவற்றில் ஒன்று வரைந்த சதுர அட்டைகள்), இரண்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதியை இடது பக்கம் தள்ள வேண்டும். எல்லோரும் எடுத்த பிறகு ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டி, இரண்டில் ஒன்றை இந்த ஊரிலும் மற்றதை அந்த ஊரிலும் வைக்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்று அந்தந்தக் கூட்டாளியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் சுற்றில் இரண்டு கட்டங்களை அடைக்கும் இரட்டை டைல்கள் மூன்று வரும், அதில் இரண்டை எடுக்க வேண்டும். மூன்றாம் சுற்று முதல் சுற்றைப் போலவே, ஆனால் வலது பக்கம் தள்ளுவோம். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது.

இனிமேல்தான் விஷயம். கடைசியில் உன் மதிப்பெண் என்ன தெரியுமா? உன் இரண்டு ஊர்களில் எது குறைவோ அது. இடது ஊர் 62, வலது ஊர் 45 என்றால் நீ 45தான். அந்த 62க்கு ஒரு மரியாதையும் கிடையாது, சமநிலை வந்தால்தான் அதை எடுத்துப் பார்ப்பார்கள். இந்த ஒரு விதிக்காகவே இந்த விளையாட்டை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவேன். நன்றாகப் பேசிப் பழகும் ஒருவரோடு சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் ஜோராகக் கட்டிக்கொண்டே போக முடியாது. பேச்சே வராத ஆள் இருக்கும் பக்கமும் திரும்பி "நீங்க என்ன எடுத்திருக்கீங்க, இதை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா எனக்கு இடது பக்கம், எதிர்வீட்டு அக்கா வலது பக்கம், அவர் பையன் எதிரே. கடைசிச் சுற்றில் என்னிடம் ஒரு பார், ஒரு தொழிற்சாலை. அப்பாவும் நானும் கட்டிய ஊரில் மூன்று வகை பார் ஏற்கனவே இருந்தன. நாலாவது வகை வந்தால் 9 என்பது 17 ஆகும், யோசிக்கவே வேண்டாம். அப்படியென்றால் தொழிற்சாலை அக்கா பக்கம்தான் போக வேண்டும். தொழிற்சாலை எந்த ஊரில் அதிகமோ அங்கே ஒவ்வொன்றுக்கும் 4, அடுத்த ஊருக்கு 3, மற்றவற்றுக்கு 2. அங்கே ஏற்கனவே மூன்று இருந்தன, இதையும் வைத்தால் நாங்கள் முதலிடம், 9லிருந்து 16. ஆனால் காலியாக இருந்த இரண்டு கட்டங்களில் ஒன்று ஒரு வீட்டை ஒட்டி இருந்தது. ஊரில் வேறு எத்தனை வகைக் கட்டடம் இருக்கிறதோ அத்தனை புள்ளி வீட்டுக்கு, எங்கள் ஊரில் அது 5. தொழிற்சாலை பக்கத்தில் வந்துவிட்டால் வெறும் 1. அக்கா அந்த வீட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு "இதை விட்டுட்டு அந்த மூலையில வைம்மா" என்றார். மூலையை ஒரு பூங்காவுக்காக நான் பிடித்து வைத்திருந்தேன். அங்கே தனிப் பூங்கா ஒன்று இருந்தது, 2 புள்ளிதான், ஒட்டி இன்னொன்று வந்தால் இரண்டும் சேர்ந்து 8. ஆனால் அவர் திருப்பிக் காட்டிய இரண்டிலும் பூங்காவே இல்லை. மூலையிலேயே வைத்தோம். இவ்வளவு காலமாக எதிர்வீட்டில் இருக்கிறார், அவரோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஒரே காரியத்தைப் பற்றி நான் பேசியது இந்தப் பலகை முன்னால்தான்.

நகராட்சியில் கட்டட வரைபட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் அந்த வீடு–தொழிற்சாலை விதி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். புகைக்கு அடுத்த வீட்டின் மதிப்பு இறங்கத்தானே செய்யும்.

ஆடும்போது மூன்று விஷயம் பார்த்துக்கொள். பூங்கா மூன்றுக்கு மேல் சேர்க்காதே, மூன்றுக்கு 12, நாலாவதுக்கு ஒரே ஒரு புள்ளிதான் கூடும். கடைகளை ஒரே நேர்கோட்டில் நாலு சேர்த்தால் 16, ஆனால் அதற்கான வரிசையை ஆரம்பத்திலேயே காலியாக வைக்க வேண்டும். அலுவலகத்தை ஏதாவது ஒரு பார் பக்கத்தில் வை, ஒரு புள்ளி கூடுதல்.

அப்புறம், நான்கு பேர் ஆடும்போது நேர் எதிரே இருப்பவர் ஒருவர்தான் உன்னோடு ஒட்டாதவர். அதனால் இரவு ஷிஃப்ட் போகிற பெண் என்று சொன்னாயே, ஒரே வீட்டில் இருந்தும் முகமே சரியாகப் பார்த்ததில்லை என்று, அவளை எதிரே உட்கார வைக்காதே. உன் வலது பக்கம் உட்கார வை. விதி புரியவில்லை என்றால் முதல் ஆட்டத்தில் கணக்குப் பார்க்காமலே ஆடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

சனிக்கிழமை அவளுக்கு லீவு என்றாய். ஆடி முடித்ததும் இரண்டு ஊரையும் போட்டோ எடுத்து அனுப்பு, எந்த ஊர் குறைந்தது, ஏன் குறைந்தது என்று அப்பா நிச்சயம் கேட்பார். பெட்டி கைக்கு வந்ததும் ஒரு போன் போடு.

அம்மா