தோசைக் கணக்கும் மனித மூலதனக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மனித மூலதனம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களின் ஆரோக்கியத்தையும் படிப்பையும் வைத்து உலக வங்கி போடும் மனித மூலதனக் குறியீட்டில் 2018-இல் இந்தியாவுக்கு 115-ஆவது இடம், 2020-இல் 116-ஆவது இடம், "மேலும் ஒரு படி சறுக்கியது" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 30 வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் அந்த வரியை என்னால் அப்படியே தாண்டிப் போக முடியவில்லை. 2018-இல் பட்டியலில் இருந்தவை 157 நாடுகள், 2020-இல் 174. புதிதாக 17 பேர் வந்து சேர்ந்த வகுப்பில் ஒரு பையன் 115-இலிருந்து 116-க்குப் போனால், அவன் படிப்பில் சறுக்கிவிட்டான் என்று எந்த வாத்தியாரும் பெற்றோரிடம் சொல்ல மாட்டார். அதுவும் அவன் மதிப்பெண் 0.44-இலிருந்து 0.49-க்குக் கூடியிருக்கும்போது. சரி, அப்படியானால் முன்னேறிவிட்டோம் என்று சொல்லலாமா? அதுவும் முடியாது.

இந்த 0.44 எப்படி வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். இன்று பிறக்கும் குழந்தைக்கு முழு ஆரோக்கியமும் முழுப் படிப்பும் கிடைத்தால் வளர்ந்தபின் என்ன உழைப்புத்திறன் இருக்குமோ, அதில் 44 விழுக்காடுதான் இப்போதைய நிலைமையில் கிடைக்கும் என்று அர்த்தம். 2018 கணக்கில் இந்தியாவுக்குப் போட்டிருந்தது இது: 100 குழந்தைகளில் 96 பேர் 5 வயதைத் தாண்டுகிறார்கள்; 18 வயதுக்குள் ஒரு குழந்தை சராசரியாக 10.2 ஆண்டு பள்ளியில் இருக்கும். 15 வயதானவர்களில் 100-க்கு 83 பேர் 60 வயது வரை வாழ்வார்கள். 100-க்கு 38 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அப்புறம், பிள்ளைகள் எழுதிய தேர்வுகளை வைத்துப் போடும் கற்றல் மதிப்பெண் 355. இதற்கு உச்சம் 625. 10.2 ஆண்டை 355-ஆல் பெருக்கி 625-ஆல் வகுத்தால் 5.8 வருகிறது. அதாவது பத்து வருடம் பள்ளிக்குப் போன பிள்ளை ஆறு வருடப் படிப்பைக்கூட முழுதாகக் கற்கவில்லை என்கிறது கணக்கு.

கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உலக வங்கியின் சூத்திரப்படி நானே போட்டுப் பார்த்தேன். உயிர்பிழைப்புக்கு 0.96, ஆரோக்கியத்துக்கு 0.88 சொச்சம், படிப்புக்கு 0.52. மூன்றையும் பெருக்கினால் 0.44. பெரும் அடி விழுவது படிப்பில்தான். 2020-இல் அந்தக் கற்றல் மதிப்பெண் 355-இலிருந்து 399 ஆயிற்று. மற்றதையெல்லாம் பழையபடி விட்டுவிட்டு இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் 0.47 வருகிறது. பள்ளி ஆண்டுகளையும் புதிய கணக்குப்படி 11.1 ஆக்கினால் 0.49. மொத்த உயர்வும் அவ்வளவுதான், அதில் பாதி அந்தத் தேர்வு மதிப்பெண்ணால் வந்தது. இரண்டே வருடத்தில் இத்தனை பெரிய நாட்டின் பிள்ளைகள் 44 மதிப்பெண் அளவுக்குக் கூடுதலாகக் கற்றுவிட்டார்கள் என்று வகுப்பறையில் நின்ற யாரும் நம்ப மாட்டார்கள். அடியில் இருக்கும் தரவு மாறினால்தான் எண் இப்படித் தாவும்.

அந்த 355 எங்கிருந்து வந்தது என்பது நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. கட்டுரையில் அது இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம். 15 வயது மாணவர்களுக்காக, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. நடத்தும் பிசா தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து இரண்டே மாநிலங்கள் கலந்துகொண்டன. தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம். முடிவு 2011 கடைசியில் வந்தது. கணிதத்தில் தமிழ்நாடு 351, இமாச்சல் 338, அதே சுற்றில் ஷாங்காய் 600. எழுபத்துச் சொச்சம் பேர் பட்டியலின் அடியில் கிர்கிஸ்தானோடு நாம் நின்றோம். 2018-இல் குறியீடு வந்ததும், ஒன்பது வருடப் பழைய, இரண்டு மாநிலத் தேர்வை வைத்து இந்தியாவை எடைபோட்டிருக்கிறார்கள், இதை நாங்கள் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்று மத்திய நிதியமைச்சகம் அறிவித்தது. குறை சொன்னது நியாயம். ஆனால் புதிய தரவு ஏன் இல்லை? 2012, 2015, 2018 மூன்று சுற்றிலும் நாம் கலந்துகொள்ளவில்லை. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 2021 சுற்றில் சேருவதாகச் சொன்னார்கள், கொரோனாவால் அந்தத் தேர்வு 2022-க்குத் தள்ளிப்போனது, அதிலும் இந்தியா இல்லை.

சூழல் பொருந்தவில்லை என்ற காரணத்தை நான் ஒருமுறை என் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தேன். பிசா வெளியிட்ட மாதிரிக் கேள்விகளில் ஒன்று: ஒரே தடிமனில் இரண்டு வட்டப் பீட்சாக்கள், ஒன்று 30 செ.மீ. விட்டம், விலை 30. இன்னொன்று 40 செ.மீ. விட்டம், விலை 40. எதை வாங்கினால் காசுக்கு லாபம்? பீட்சாவை நேரில் பார்த்திராத பிள்ளைகள்தானே என்று அதைத் தோசையாக மாற்றி, விலையை ரூபாயாக்கி பத்தாம் வகுப்புக்குக் கொடுத்தேன். எல்லோருக்கும் வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரம் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் வகுப்பில் பெரும்பாலோர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், 30-க்கு 30, 40-க்கு 40" என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் அம்மா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். "பெரிய தோசைக்கு ரெண்டு கரண்டி மாவு வேணும் சார், சின்னதுக்கு ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் மேல போதும். 40 ரூபாய்க்குக் குடுத்தா அம்மாவுக்குத்தான் நஷ்டம்" என்றாள். பரப்பளவைப் போட்டுப் பார்த்தால் பெரியது சின்னதைப்போல் 1.78 மடங்கு, அவள் சொன்னது ஏறக்குறைய அதேதான். மாதத் தேர்வுகளில் அவள் 40-ஐத் தாண்டியதில்லை.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. சூழல் பொருந்தாததுதான் காரணம் என்பது சாக்கு, ஏனென்றால் தோசையாக்கியும் பதில் மாறவில்லை. படித்த சூத்திரத்தை எங்கே எடுத்துப் போடுவது என்று நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை, பிசா அதைத்தான் கண்டுபிடித்தது. இன்னொன்று, அந்தப் பெண்ணிடம் இருந்த அறிவு பள்ளி ஆண்டுக் கணக்கிலும் வராது, எங்கள் மதிப்பெண் பட்டியலிலும் வராது.

வேறு நாட்டோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். வியட்நாமைப் பார், அமெரிக்காவையே முந்திவிட்டது என்று கட்டுரையாளர் சொல்கிறார். 2012 பிசா கணிதத்தில் வியட்நாம் 511, அமெரிக்கா 481, அது உண்மை. ஆனால் பிசா தேர்வு பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அந்த ஆண்டு வியட்நாமின் 15 வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களைத்தான் அந்தத் தேர்வு பிரதிநிதித்துவப்படுத்தியது. வயலுக்கும் வேலைக்கும் போய்விட்டவர்கள் அதில் இல்லை. வியட்நாம் வாத்தியார்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அங்கே நன்றாகத்தான் கற்பிக்கிறார்கள். ஆனால் நின்றுபோன பிள்ளைகளையும் உட்கார வைத்து எழுதச் சொன்னால் அந்த 511 அப்படியே நிற்குமா?

உயரக் கணக்கும் சுலபமில்லை. என் தங்கை அங்கன்வாடிப் பணியாளர். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் நிற்கவைத்து. ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்த, குழந்தை வீறிட்டு அழும். இரண்டு வயதை எட்டும் பெண் குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கோடு 80 செ.மீ. முழங்கால் கொஞ்சம் மடங்கினால் 79.5, அந்தக் குழந்தை குன்றியவள் கணக்கில் போய்விடும். தேசியக் குடும்ப நல ஆய்வில் இதைப் பயிற்சி பெற்ற குழுக்கள் வீடு வீடாகப் போய்ச் செய்கின்றன, ஆகவே மொத்தத்தில் எண் பெரிதாகத் தவறாது. ஆனால் 2015-16 ஆய்வில் 38 என்ற தேசிய சராசரிக்குள் பீகாரின் 48-உம் தமிழ்நாட்டின் 27-உம் கேரளாவின் 20-உம் ஒளிந்திருக்கின்றன. இந்தியா என்று ஒரே எண்ணைப் போட்டுச் சிங்கப்பூரின் 0.88-க்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கு என்ன தெரியும்?

கூடுதலாக ஒரு வருடம் படித்தால் வருமானம் 8 விழுக்காடு கூடும் என்று எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்கு வைத்திருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. என்னிடம் படித்து, பட்டம் வாங்கி, கல்யாணத்துக்குப் பின் வேலைக்கே போகாத பெண்கள் எத்தனையோ பேர். வேலைக்குப் போகிறவர்களின் விகிதத்தையும் சேர்த்துப் போட்ட இன்னொரு கணக்கை உலக வங்கியே 2020-இல் வெளியிட்டது, அதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2011-இல் அந்த முடிவு வந்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் அது வராமல் இருந்திருந்தால் தோசைக் கேள்வியை நான் வகுப்புக்கு எடுத்துப் போயிருக்கவே மாட்டேன். தமிழ்நாடு துணிந்து உட்கார்ந்து எழுதியது, அடி வாங்கியது, அதற்கப்புறம் எழுந்து போய்விட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படிப் பட்டியல் வரும்போது இந்தியாவின் இடத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போடாமல், எந்த வருடத் தேர்வு, எந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதியது, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இடம் மிச்சமிருந்தால் தோசைக் கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள், வாசகர் வீட்டுப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்