மேடை போடுவதற்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள குண்டூசி,

எங்கள் வீட்டு அடுப்பு மேடையை இடித்தாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ ஏறி உட்கார்ந்துகொள்வாயே, "இறங்குடி, கல்லு பேர்ந்துடும்" என்று அம்மா கத்துவாளே, அதே மேடைதான். கல் பேரவில்லை. இரண்டு பேர் சம்மட்டியால் அடித்தும் மத்தியானம் வரை விரிசல்கூட விடவில்லை. அப்பா கட்டியது, சும்மாவா!

உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக நீளக்கால் சொன்னாள். சந்தோஷம். அவள் சொன்ன மற்ற விஷயத்தை நேரில் பேசுவோம், எழுத்தில் வேண்டாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பரீட்சை, சின்னவனுக்குப் பல் கம்பி. அவ்வளவுதான் செய்தி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "அடுத்த வாரம் கிச்சன் மேடை போடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். போட்டாயிற்றா? போடவில்லை என்றால் மேஸ்திரியை நிறுத்தி வை. இதை முழுதும் படித்த பிறகு போடச் சொல். எனக்கு இப்போது வேறு பேச்சே இல்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் "முழங்கையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் இவர்தான். வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு இவருக்குச் சமையல் ஆசை வந்திருக்கிறது. குறை சொல்லமாட்டேன், சில நாள் என்னைவிட நன்றாகவே செய்கிறார். அன்றைக்கு உருளைக்கிழங்கு வறுவல். வாணலியில் எண்ணெயை ஊற்றி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, ஆபீசிலிருந்து போன் வந்தது என்று வாசலுக்குப் போய்விட்டார். இவர் போன் பேசினால் எப்படி என்று உனக்கே தெரியும். எண்ணெய் புகைந்தது, புகை கறுத்தது, குப்பென்று பற்றிக்கொண்டது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்த மனிதர் முதலில் கையில் எடுத்தது தண்ணீர்ச் செம்பை.

கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா போட்ட சத்தம் எனக்கு மாடிக்குக் கேட்டது. "தண்ணி ஊத்தாதீங்க!" இவர் அப்படியே நின்றுவிட்டார். ஊற்றியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய்விடும். அந்தச் சூட்டில் அது அடுத்த கணமே ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். விரிகிற ஆவி எரிகிற எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும், விட்டம் வரைக்கும். அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "எண்ணெய் நெருப்புக்குத் தண்ணி ஆகாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா" என்கிறாள். பாட்டி பரம்பரைச் சொத்தாக எதையும் விட்டுப் போகவில்லை என்று நாம் கேலி பேசுவோமே, இனி பேசமாட்டேன்.

அம்மா நேராக சிலிண்டரை அணைத்தாள். அடுத்து மூடி. அங்கேதான் வந்தது வினை. மூடிகளையெல்லாம் இவர் ஒழுங்குபடுத்தி, அளவு வாரியாக, மேல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். ஆறடி உயரம். அம்மாவுக்கு எப்படி எட்டும்? எம்பிக்கூடப் பார்க்கவில்லை. வெங்காயத் தட்டை அப்படியே தரையில் கொட்டினாள், பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடினாள். காற்று கிடைக்காமல் நெருப்பு அடங்கிவிட்டது. இவர் தட்டைத் தூக்கிப் பார்க்கப் போக, அதற்கும் ஒரு அதட்டல். சூடு முழுசாகத் தணியும் முன் திறந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மாவைக் கொட்டி அணைக்கலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு, மாவே எரியும். இதை உன் வீட்டுப் பையன்களுக்கும் சொல்லி வை.

இவருக்கு மணிக்கட்டில் லேசான சூடு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மா பற்பசையோடு வந்தார், இன்னொருவர் ஐஸ் என்றார். பெரியவள் இரண்டு பேரையும் தள்ளி நிற்கவைத்து அப்பாவின் கையைக் குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாம். நமக்கு அந்த வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? நீயும் தவளையும் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினீர்கள், எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது.

நெருப்பு அணைந்துவிட்டது. எனக்குத்தான் அந்த மூடி மனசில் நின்றுவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் இதே அறையில் சமைத்தவளுக்கு, அவசரத்தில் ஒரு மூடி எட்டவில்லை. ராத்திரி டேப்பை எடுத்துக்கொண்டு எல்லோரையும் சுவரோரம் நிற்கவைத்தேன். செருப்பில்லாமல் நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளவு. இவருக்கு 44 அங்குலம். எனக்கு 39. அம்மாவுக்கு 35. நம் மேடை 36.

படித்தாயா? மேடை அம்மாவின் முழங்கைக்கும் மேலே. நறுக்க, பிசைய ஒரு மேடை வசதியாக இருக்கவேண்டும் என்றால் முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருக்கவேண்டும். அம்மாவுக்கு 30 போதும். அடுப்பு இன்னும் கொஞ்சம் தாழ இருந்தால்கூட நல்லது, ஏனென்றால் பாத்திரத்தின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. சிங்க் நேர் எதிர். கை தொட்டிக்குள்ளே இறங்குவதால் விளிம்பு உயரமாக இருந்தால்தான் முதுகு வளையாது. இந்த மூன்றையும் ஒரே மட்டத்தில் ஒரே கல்லாகப் போட்டுவிட்டு, முதுகு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

"ஏம்மா ஒருநாள்கூட சொல்லல?" என்று கேட்டேன். அம்மா வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே, "உங்கப்பா ஆசையா நின்னு கட்டினார். அவர் இடுப்புயரத்துக்கு வெச்சுப் பார்த்து, சரியா இருக்குன்னார்" என்றாள். அப்பா நல்லவர், உனக்குத் தெரியாததா. ஆனால் அவர் அந்த மேடையில் ஒரு காப்பிகூடப் போட்டதில்லை. அம்மாவின் வலது கை இப்போது காதுக்கு மேலே போவதில்லை. மேடைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையைத் தூக்கியபடியே கிளறிக் கிளறி ஒரு ஆயுசு போயிருக்கிறது, அது மட்டும் தெரியும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, டீ.

தூக்கம் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். படிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பெண்மணிகளைக் கண்டுபிடித்தேன். கேட்டால் நீ துள்ளுவாய்.

ஒருவர் லிலியன் கில்பிரத். அமெரிக்கர், 1878இல் பிறந்தவர், பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். கணவரும் அவரும் தொழிற்சாலைகளுக்குப் போய், ஒரு வேலையில் எத்தனை அசைவு வீண் என்று எண்ணிச் சொல்வதைத் தொழிலாக வைத்திருந்தார்கள். 1924இல் கணவர் இறந்துபோனார். பொறியியல் ஆலோசனைக்கு ஒரு பெண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட நிறுவனங்களுக்கு மனசு வரவில்லை. சரி, பெண் என்றால் சமையலறைதானே என்று நினைக்கிறீர்கள், அதையே அளக்கிறேன் என்று இறங்கிவிட்டார். அடுப்பும் சிங்க்கும் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டிருக்கிறார். காலால் மிதித்தால் திறக்கிற குப்பைத் தொட்டி இருக்கிறதே, பிரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டு இருக்கிறதே, இரண்டும் அவர் யோசனை என்கிறார்கள்.

இன்னொருவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1926இல் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவே இடம். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியில் அந்தக் குறுகின இடத்துக்குள் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து எடுத்த யோசனை. உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலி, ஜன்னலடியில் மேடை, அரிசி சர்க்கரைக்கெல்லாம் பெயர் எழுதின அலுமினிய டப்பாக்கள். ஏறக்குறைய 10,000 வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். பிற்பாடு ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து வேலை செய்து சிறைக்குப் போனார், போர் முடியும்போதுதான் வெளியே வந்தார். 2000இல் இறக்கும்போது 102 வயது.

இப்போது துள்ளு. இரண்டு பேருக்கும் சமைக்க வராது. கில்பிரத் வீட்டில் சமையல் வேறு ஆள் பொறுப்பு. லிஹோட்ஸ்கி, அந்த அறையை வரைகிற வரைக்கும் தான் சமைத்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டார். ஹாஸ்டலில் நீ செய்த "சோறு"க்கு நாங்கள் அஞ்சலி செலுத்தினோமே, அதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது. ஆனால் உனக்கும் ஒரு எதிர்காலம் இருந்திருக்கிறது.

ஆனாலும் அந்த பிராங்பர்ட் அறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஒரு ஆள் நின்று வேலை செய்யத்தான் இடம். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் இடிபடும். ஒரு அடிகூட வீணாக்காமல், ஒருத்தி மட்டும் தனியாக எல்லா வேலையையும் முடித்துவிடலாம். என்ன பிரமாதமான வசதி! அம்மாவின் அறையும் இதே கதைதான், இடம் மட்டும் கொஞ்சம் பெரிது. நான் கட்டுவது அப்படி இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். எண்ணெயைப் பற்றவைக்கிறவராக இருந்தாலும் இவரும் உள்ளே நின்று பழகட்டும்.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். "எல்லா வீட்லயும் ஒரே மட்டம்தாம்மா. மேலயும் கீழயும் போட்டா பார்க்க நல்லா இருக்காது." யார் பார்க்க? நாத்தனார் போனில், "அவன் எத்தனை நாளைக்குச் சமைக்கப்போறான்னு அவனுக்கும் சேர்த்துக் கட்டறே?" என்றாள். நியாயமான கேள்விதான். அதனால் இவருக்கு அடுப்புப் பக்கத்தில் இடம் ஒதுக்கவில்லை. சிங்க்கை 38இல் போட்டிருக்கிறேன். பாத்திரம் தேய்ப்பது யார் என்பது இனி கல்லிலேயே இருக்கிறது. பெரிய மேடை எனக்கு 34. அம்மாவுக்கு ஜன்னலோரம், முட்டியை உள்ளே விட்டு உட்காருகிற மாதிரி, அடியில் அலமாரி இல்லாமல் ஒரு தாழ்ந்த பலகை. தினமும் எடுக்கிற எதுவும் இடுப்புக்குக் கீழேயும் இருக்காது, தோளுக்கு மேலேயும் இருக்காது. மூடிகள் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், ஆனால் நெருப்பைத் தாண்டிக் கை நீட்டவேண்டாத பக்கத்தில்.

அது முடியும்வரை கூடத்தில் ஒற்றை இண்டக்ஷன் அடுப்போடு குடித்தனம். அது காந்தம் பிடிக்கிற பாத்திரத்தைத்தான் மதிக்கும். காந்தம் ஒட்டினால் சூடாகும், ஒட்டாவிட்டால் கத்தும். சின்னவன் பிரிட்ஜில் ஒட்டியிருந்த யானை பொம்மைக் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாகப் பரீட்சை வைத்தான். அம்மாவின் அலுமினியப் பாத்திரம் அத்தனையும் பெயில். முகம் சுண்டிப்போனாள். அந்தக் கோபத்திலேயே பாலைத் திரும்பிப் பார்க்காமல் விட்டு, பொங்கி வழிந்து, அடுப்பு தானாக அணைந்து, "நல்ல அடுப்பு, கோவிச்சுக்கிட்டு நின்னுடுச்சு" என்று அதற்கும் ஒரு திட்டு.

நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். உன் முழங்கை, உன் வீட்டுக்காரர் முழங்கை, உன் மாமியார் முழங்கை, மூன்றையும் டேப் வைத்து அளந்து எனக்கு அனுப்பு. உத்தேசமாகச் சொல்லாதே, உன் உத்தேசத்தைப் பற்றிக் கணக்கு டீச்சர் சொன்னதே போதும். கல் போடும் முன்னால் அட்டைப் பெட்டிகளை அந்த உயரத்துக்கு அடுக்கி, மேலே பலகை வைத்து, அரை மணி நேரம் நின்று காய் நறுக்கிப் பார். மேஸ்திரி சிரித்தால் அவரையும் நறுக்கச் சொல்.

தவளையின் விசேஷத்துக்கு நீ வருகிறாயா இல்லையா? அதற்கும் சேர்த்து பதில் போடு.

உன்,
ஒட்டடைக்குச்சி

பின்குறிப்பு: இவர் இதைப் படித்துவிட்டு, வாணலியில் எண்ணெய் பாதிதான் இருந்தது என்று உனக்கு எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.