கூண்டு வேண்டாம், மாவு போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டை ஒட்டிய மரத்தளமான டெக்குக்கு அடியில் குடியேறும் ஒப்போசத்தை (பூனை அளவுள்ள, குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் அமெரிக்கப் பிராணி) கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள காட்டில் விட்டுவிடலாம் என்று சென்ற இதழில் வந்த யோசனை சரியல்ல. இங்கே கலிபோர்னியாவில் அனுமதியின்றி அப்படிச் செய்வது சட்டவிரோதம். வீண்வேலையும்கூட. அக்கம்பக்கத்தார் வாயில் கிட்டத்தட்ட 'பாசம்' என்றே ஒலிக்கும் இந்தப் பிராணி எந்த இடத்திலும் அத்தனை பாசம் வைப்பதில்லை. பெரும்பாலும் சில நாட்களில் தானே வேறு இடம் பார்த்துப் போய்விடும். பொந்து திறந்தே கிடந்தால் அடுத்து வருவது நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க்காக இருக்கலாம். அதன் நாற்றத்துக்கு ஒப்போசமே தேவலை.

ஆகவே பொந்தைத்தான் அடைக்க வேண்டும், அது காலியான பிறகு. மாலையில் பொந்து வாயில் மைதாவை மெல்லியதாகத் தூவுங்கள். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒப்போசத்தின் பின்னங்கால் தடத்தில் கட்டைவிரல் தனியே விலகித் தெரியும். தடம் வெளியே போயிருந்தால் இரை தேடக் கிளம்பியாயிற்று என்று பொருள். உடனே அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் அடையுங்கள். பலர் கோட்டை விடுவது அடிப்பக்கத்தில்தான்: வலை தரையோடு நின்றால் ஸ்கங்க் தோண்டிவிடும். ஓரடி ஆழம் இறக்கி, நுனியை வெளிப்பக்கமாக 'எல்' வடிவில் மடித்துப் புதைக்க வேண்டும். குட்டிகள் உள்ளே தனியாக இருந்தால் அடைக்காதீர்கள். தாய் அவற்றை முதுகில் சுமந்து கிளம்பும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

பூனைக்கு வைத்த சாப்பாட்டை இரவில் வெளியே விட்டுவைத்தால் இத்தனையும் பாழ். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்துக்கும் இதே கதைதான்.

உண்ணிகளை ஆயிரக்கணக்கில் தின்னும் என்று ஒப்போசத்தைப் புகழ்வதும் மிகை. 2021இல் வெளியான ஆய்வொன்றில் 32 ஒப்போசங்களின் இரைப்பையைச் சோதித்தார்கள். ஓர் உண்ணிகூட இல்லை.

எச்சில் வழிய, நாற்றமடிக்கும் பச்சைத் திரவத்தோடு ஒப்போசம் புல்வெளியில் கிடந்தால் செத்ததென்று குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது நடிப்பல்ல; அச்சத்தில் தானாக வரும் மயக்கம், சில சமயம் மணிக்கணக்கில் நீடிக்கும். நாயை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டால் போதும், எழுந்து போய்விடும்.

சாலையில் உண்மையாகவே அடிபட்டுச் செத்திருந்தால் வயிற்றுப் பையில் உயிருள்ள குட்டிகள் இருக்கலாம். முலைக்காம்பைக் கவ்விய குட்டியைப் பிடித்து இழுத்தால் அதன் வாய் கிழியும். கையுறை போட்டு, தாயின் உடலோடு சேர்த்தே வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சான் ஹோசே