ஐஸ்பெட்டி மேல் வைத்த ஒயின்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகனே,

ஆஸ்திரேலியாவில் நீ வேலை செய்யும் ஒயின் தோட்டத்திலிருந்து கொடுத்தனுப்பிய இரண்டு பாட்டிலில் ஒன்று போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை. நடுச்சாமத்தில் கார்க் தானாகப் பிடுங்கிக்கொண்டு கூரையில் மோதி, சமையலறைச் சுவரெல்லாம் சிவப்பு. உன் அத்தை திருடன் என்றே நினைத்துவிட்டாள். தப்பு என்னுடையதுதான். மூன்று வாரமாக ஐஸ்பெட்டி மேல் வைத்திருந்தேன். நம் மலேசிய பட்டர்வொர்த் புழுக்கம் உனக்குத் தெரியாததா?

மற்றதை உள்ளே வைத்துக் குளிர்ந்தபின் குடித்தேன். கொஞ்சம் கலங்கல், ஆனால் வாசம் அருமை. அதோடு நீ வைத்திருந்த சீட்டையும் படித்தேன். "புளிக்கவைக்க நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை மாமா, திராட்சை தானாகவே ஒயின் ஆகிறது." அந்த 'தானாகவே' என்ற சொல்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

உன் தாத்தா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கள் இறக்கியவர். மரத்தில் அவரை நீ பார்த்ததில்லை. அவரும் எதுவும் சேர்த்ததில்லை. தென்னம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டி, காலையும் மாலையும் நுனியை ஒரு இழை சீவிக் கலயம் மாட்டுவார். நாலு நாள் ஏறாமல் விட்டால் பாளை காய்ந்து போகும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து இறங்கும்போதே நுரை. மறுநாள் பார்த்தால் புளித்துக் காடி. குழந்தைகளுக்கு இனிப்பாக வேண்டுமென்றால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார், புளிக்காது.

சில ஆட்கள் கலயத்தைக் கழுவ மாட்டார்கள். பழைய மண்டி இருந்தால் சீக்கிரம் பொங்கும், 'ஏறும்' என்பார்கள். தாத்தா ஒவ்வொரு கலயத்தையும் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். இரண்டும் இயற்கைக் கள்தான். ஒன்று மதியம் வரை நிற்கும், மற்றது வயிற்றைக் கலக்கும்.

உங்கள் ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம் செய்வதும் கிட்டத்தட்ட அந்தச் சுண்ணாம்பு வேலைதான், முறை வேறு. ஆஸ்திரேலியாவில் இனிப்பில்லாத ஒயினுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை சட்டம் விடுகிறது. நீ வேலை செய்யும் குடும்பம் பாட்டிலில் அடைக்கும்போது 30 தான் போடுகிறது என்றாய். நல்லது. சுத்தமாகப் பூஜ்யம் என்று பெருமை பேசுகிறவர்களை நம்பாதே. புளிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் கந்தகம் உண்டாக்குகிறது. குதிரை லாயம் போல நாறும் ஒயினை 'மண்ணின் குணம்' என்று விற்பவனுக்கும், கழுவாத கலயக்காரனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மண்ணின் குணம் பொய் என்று சொல்ல வரவில்லை. பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் டுரியான் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஒரே ஆங் ஹே இனம்தான், கிழட்டு மரத்துப் பழம் கசப்பும் இனிப்புமாக ஒரு மாதிரி, இளமரத்தது வெறும் சர்க்கரை. தாமாக விழுந்த பழத்தைத்தான் அங்கே வாங்குவோம், வெட்டிப் பறித்ததை இல்லை. அதனால் உங்கள் மெக்லாரன் வேலில் புளூயிட் ஸ்பிரிங்ஸ் மணலில் நிற்கும் பழைய கிரெனாஷ் திராட்சைக் கொடி ஒயினை மெலிசாக, மணமாகக் கொடுக்கிறது, களிமண் கொடி கனமாகக் கொடுக்கிறது என்று நீ எழுதியபோது சட்டென்று பிடிபட்டது. ஐரோப்பாவின் கொடிகளைத் தின்று தீர்த்த ஃபைலாக்சரா வேர்ப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லையாமே. ஒட்டுப் போடாமல் சொந்த வேரில் நிற்கும் கிழட்டுக் கொடி! கொடுத்து வைத்த ஊர்.

உன் அம்மா அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கள்ளுக்கடை வாசலில் சம்பள நாளன்று தகப்பனுக்காகக் காத்து நின்ற பிள்ளைகள் அக்காவின் வகுப்பிலேயே இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கள் இறக்கியவர் மகளே அதை வெறுக்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது. நீ நினைப்பதுபோல ஜார்ஜ்டவுனில் ஒயின் கடை போட்டால் பாட்டிலின் கழுத்தில் 'பாரம்பரியம்' என்று எழுதி மாட்டிவிடாதே, அவள் பார்ப்பாள்.

கடை போடுவதாக இருந்தால் இதைக் கேட்டுக்கொள். ஒவ்வொரு பீப்பாயிலும் எத்தனை கிராம் சர்க்கரை மீதி என்று அந்தக் குடும்பத்திடம் எழுதி வாங்கு. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் இருந்து, வடிகட்டாமல் அடைத்தது என்றால் இங்கே கொண்டுவராதே. மிச்ச ஈஸ்ட் நம் சூட்டில் விழித்துக்கொள்ளும். என் சமையலறைச் சுவரே சாட்சி. குளிர்பெட்டிக் கன்டெய்னரில்தான் வர வேண்டும், துறைமுகத்தில் இறக்கியதும் அன்றே குளிர் அறைக்குப் போக வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்தாலும் கரண்ட் பில்லில் பிடிக்காதே.

ஜூனில் லீவு கிடைத்தால் வா. அந்த மணல் கிரெனாஷ் ஒன்று கொண்டு வா, பாலிக் பூலாவுக்குக் கூட்டிப் போகிறேன். ஆனால் டுரியானும் ஒயினும் ஒரே நாளில் கிடையாது. உன் அத்தை இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
மாமா