டேர்டெவிலின் வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். யாருக்கு எவ்வளவு பலம், மோதினால் வெல்வது யார் என்ற பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வழக்கு எந்தக் கோர்ட்டிலும் தீராது. ஆனால் நடுவே ஓர் இடத்தில், இந்த நாயகர்கள் பகலில் பார்க்கும் வேலையெல்லாம் ஒப்புக்குத்தான், கதைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். சூப்பர்ஹீரோ கதையை எழுதியவர் கைதேர்ந்தவரா என்று பார்க்க வேண்டுமானால் சண்டைப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, நாயகன் வேலைக்குப் போகும் பக்கங்களில் நிற்க வேண்டும். பலம் பொதுச்சொத்து. யார் எழுதினாலும் ஸ்பைடர்மேன் சுவரில் ஏறுவான். ஆனால் டெய்லி பியூகிள் பத்திரிகை அலுவலகத்தில் அதன் முதலாளி ஜே. ஜோனா ஜேம்சனிடம் புகைப்படத்துக்குக் கூலி பேசி நிற்கும் பீட்டர் பார்க்கரை, அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்மேனை, எல்லோராலும் எழுதிவிட முடியாது. தன் முகமூடி உருவத்தைத் தானே படமெடுத்து விற்கிறான். வாங்கும் ஆள் அதே படத்தைப் போட்டு அவனைத் திருடன் என்று தலைப்பு வைக்கிறார். அந்தக் காசில்தான் அத்தை வீட்டு வாடகை. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் தொடங்கிய அந்தக் கதையில் வேலையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது சிலந்தி மட்டும்தான்.

நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே டேர்டெவில் விஷயத்தில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு, பொறுத்துக்கொள்ளவும். 1964இல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் உருவாக்கிய டேர்டெவிலின் நிஜப் பெயர் மேட் மர்டாக்; பார்வையற்றவன், நியூயார்க்கில் வழக்கறிஞன். எதிரே நிற்பவரின் இதயத்துடிப்பு அவன் காதில் விழும். பொய் சொன்னால் துடிப்பு மாறும். இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் வக்கீலாக்கியதில்தான் எத்தனை வில்லங்கம்! கட்சிக்காரர் நிரபராதியா என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். சாட்சி புளுகுவதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இதயத்துடிப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா? இரவில் அவனே அடித்துப் பிடித்துக் கொடுத்த ஆசாமி, காலையில் அவன் ஆஜராகும் நீதிமன்றத்துக்கே வந்து சேரலாம். சட்டத்தின் அதிகாரியாகப் பதிவு செய்துகொண்டவன் தினமும் இரவு சட்டத்தை மீறுகிறான். இந்த முடிச்சு பிறப்பிலேயே விழுந்தது. அதை யார் இறுக்கினார், யார் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பதுதான் அந்தத் தொடரின் கதை.

பிராங்க் மில்லர் 1979இல் படம் வரைய வந்து, 1981இல் எழுதவும் தொடங்கினார். ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், தகும். ஆனால் அவருடைய பலமெல்லாம் இருட்டும் மொட்டைமாடியும் நிஞ்ஜாக்களும்தான். கோர்ட்டுக்குள் வந்தால் அவருக்குச் சுரத்து குறைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னதற்காக என்னிடம் பேச்சை நிறுத்திய நண்பர்கள் உண்டு.

2001இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் வந்தார். குற்றக்கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். மனிதர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுவதை எழுதுவதில் அவருக்கு நிகரில்லை. கதை மெதுவாக நகர்கிறது என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர் எழுதிய ஒயிட் டைகர் வழக்கைத்தான் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். ஹெக்டர் அயாலா என்ற பழைய நாயகன்மீது போலீஸ்காரரைக் கொன்றதாக வழக்கு. அவன் உண்மை சொல்கிறான் என்பது மர்டாக்குக்குக் கேட்கிறது. அந்த நேரத்தில் மர்டாக்தான் டேர்டெவில் என்று ஒரு மலிவுப் பத்திரிகை போட்டு உடைத்திருக்க, அவன் அதை மறுத்துக்கொண்டிருக்கிறான். தன் பொய்யைக் கட்டிக் காத்துக்கொண்டே இன்னொருவனின் உண்மைக்காக வாதாட வேண்டிய நிலை. ஜூரி குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்கிறது. அயாலா தப்பி ஓட முயன்று நீதிமன்றப் படிக்கட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறான். அவன் நிரபராதி என்பதற்கான ஆதாரம் பிறகு வருகிறது. இதில் எந்தப் பக்கத்தில் டேர்டெவிலின் கம்பு வேலை செய்தது? எங்குமே இல்லை. வாதாடி வெல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்; அதில் தோற்றுப்போகிறான்.

அடுத்து வந்த எட் புரூபேக்கர் கதையைச் சிறையிலிருந்து ஆரம்பித்தார்: வக்கீல் உள்ளே, அவன் பிடித்துக்கொடுத்தவர்களும் அதே சிறையில். 2011இல் மார்க் வெய்ட் எடுத்துக்கொண்டபோது முடிச்சை வேறு பக்கமாக இழுத்தார். இவன்தான் டேர்டெவில் என்று ஊரெல்லாம் சந்தேகிப்பதால், மர்டாக் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு அதைக் கிளப்பிவிடுகிறது. வழக்கு தடம் மாறிப்போகிறது. ஆகவே அவன் ஆஜராகாமல், கட்சிக்காரர்கள் தாங்களே வாதாடுவதற்கு அவர்களைத் தயார் செய்கிறான். எங்கள் கோர்ட்டில் ஒரு மூத்த வக்கீல் வாய்தா வாங்கியே வழக்கை ஓட்டுவார். அவர் இதைப் படித்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். வெய்ட்டின் கதையில் பிறகு மர்டாக் பகிரங்கமாக உண்மையை ஒப்புக்கொண்டு, நியூயார்க்கில் வக்கீல் உரிமத்தை இழந்து, சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோகிறான். ஒப்புக்கொண்டதற்கு உண்டான விலை தொழில் வழியாகவே வசூலாகிறது.

சார்ல்ஸ் சோல் நிஜ வழக்கறிஞர். எழுத்தும் வக்கீல் தொழிலும் சேர்ந்தே பார்த்தவர். அவர் மர்டாக்கை அரசுத் தரப்புக்கு மாற்றினார். முகமூடியைக் கழற்றாமல் சூப்பர்ஹீரோ சாட்சி சொல்லலாமா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். தொழில் தெரிந்தவர் என்பதால் அவர்தான் சிறந்தவர் என்று நான் சொல்லப்போவதாக நினைத்திருப்பீர்கள். இல்லை. டேர்டெவிலில் நீதிமன்ற உத்தமம் என்றால் வக்கீல் அல்லாத பெண்டிஸ் எழுதியதுதான். சோலின் உச்சம் 2014இல் எழுதிய ஷீ-ஹல்க். ஷீ-ஹல்க்கான வக்கீல் ஜெனிஃபர் வால்டர்ஸ் இரவு பகலாக உழைத்தும், சூப்பர்ஹீரோ நண்பர்களைக் கட்சிக்காரர்களாக அழைத்து வரவில்லை என்பதற்காக நிறுவனம் அவளுக்கு போனஸ் மறுக்கிறது. வேலையை உதறிவிட்டு, தனியாக அலுவலகம் பிடித்து, ஆள் வைத்து, கட்சிக்காரர் வருவாரா என்று காத்திருக்கிறாள். பச்சை நிற ராட்சசிக்கும் அலுவலக வாடகை உண்டு என்பதைச் சொந்தமாகத் தொழில் நடத்தியவரால்தான் அவ்வளவு ருசியாக எழுத முடியும். 12 இதழ்களோடு நின்றுபோனது. நல்லது நீடிக்காது என்று புலம்ப எனக்கு ஆசைதான், இடம் போதாது.

அதே ஷீ-ஹல்க்கை 2004இல் டான் ஸ்லாட் எழுதினார். அவள் சேரும் சட்ட நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பழைய மார்வெல் காமிக்ஸ் இதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். காமிக்ஸ் தணிக்கை முத்திரை விழுந்தவை என்பதால் அவை அந்த உலகத்து நீதிமன்றத்தில் சாட்சியமாகச் செல்லும்! நூற்றுக்கணக்கான கட்டுகளுக்கு எண் போட்டு அடுக்கியவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்லாட்டின் பலம் இந்த விளையாட்டு. தொடரின் பழைய வரலாறு முழுவதும் அவர் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் அவரே பின்னாளில் பீட்டர் பார்க்கரைப் பெரிய நிறுவனமொன்றின் அதிபராக்கியபோது எனக்கு ஒட்டவில்லை. அதற்கு முன் அத்தொடரை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி அவனைத் தான் படித்த பள்ளிக்கே ஆசிரியராக்கினார், அது பொருந்தியது. மாதக் கடைசியில் கையைப் பிசைபவன்தானே பார்க்கர்? அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் அயர்ன்மேனான தொழிலதிபர் டோனி ஸ்டார்க்கின் நகல். கடைசியில் அந்த நிறுவனத்தை ஸ்லாட்டே கவிழ்த்தார்.

வேலை மாறினால் கதை எப்படி இடறும் என்பதற்கு சூப்பர்மேன் இன்னொரு சான்று. 1938இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் உருவாக்கிய கிளார்க் கென்ட் பத்திரிகை நிருபன். செய்தி முதலில் வந்து சேரும் இடம், கேட்காமல் வெளியே போய்வரக்கூடிய வேலை. 1971இல் அவனைத் தொலைக்காட்சிக்கு மாற்றினார்கள். எழுதியவர் டென்னி ஓ'நீல். அவரே ஒரு காலத்தில் பத்திரிகை நிருபர். காலத்துக்கேற்ற மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேரலையில் செய்தி வாசிப்பவன் பாதியில் எப்படிக் காணாமல் போவான்? 1986இல் ஜான் பைர்ன் மறுபடி தொடங்கியபோது அவனைப் பத்திரிகையிலேயே வைத்துக்கொண்டார். கிரீன் லாந்தர் ஹால் ஜோர்டனின் பாடு இன்னும் மோசம். சோதனை விமானி, பிறகு காப்பீட்டு ஊழியர், பிறகு பொம்மை விற்பனையாளர். இவனை என்ன செய்வது என்று எழுதுபவருக்கே தெரியாமல் போனால் நாயகன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில்தான் நிற்பான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பார்பரா கார்டன். 1967இல் பேட்கேர்ளாக அறிமுகமானபோது அவள் நூலகர். 1988இல் ஜோக்கர் அவளைச் சுட்டு நடக்க முடியாமல் ஆக்கிவிட, அவளைப் பரணில் போட்டுவிட்டதாகத்தான் பலரும் நினைத்தார்கள். கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளர் தம்பதிக்கு அது பொறுக்கவில்லை. 1989இல் ஆரக்கிள் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள்: சக்கர நாற்காலி, கணினிகள், எல்லா நாயகர்களுக்கும் தகவல் தருபவள். தேடுவது, வகைப்படுத்துவது, கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுப்பது என்று அத்தனையும் நூலகர் வேலை. அலங்காரத்துக்குக் கொடுக்கப்பட்ட தொழிலை இருபது ஆண்டுகளுக்குப் பின் இருவர் எடுத்துப் பார்த்து, அதற்குள்ளேயே ஒரு சூப்பர் பலம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மாயாவி லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வக உதவியாளர். கை போனது ஆய்வக விபத்தில், மின்சாரம் பாய்ந்தால் மறையும் வித்தை கிடைத்ததும் அங்கேதான். லயன் காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்த ஸ்பைடரின் (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு) பெரும்பாலான கதைகளை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல். உங்கள் கட்டுரையில் நாயகர் பெயர்கள் வரிசையாக வந்தனவே தவிர, அவர்களை எழுதிய ஒருவருடைய பெயர்கூட வரவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

அடுத்த பகுதி பேட்மேனைப் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். புரூஸ் வெய்னுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை கிடையாது, பரம்பரைப் பணக்காரன். ஆகவே அவனை விட்டுவிட்டு, கிரெக் ரக்காவும் புரூபேக்கரும் எழுத, மைக்கேல் லார்க் வரையத் தொடங்கிய கோத்தம் சென்ட்ரலைக் கட்டுரையாளரைப் படிக்கச் சொல்லுங்கள். 2003 முதல் 2006 வரை வந்த 40 இதழ்கள். பேட்மேன் இருக்கும் ஊரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் துப்பறியும் போலீசாரின் கதை. அங்கே மொட்டைமாடியில் பேட்மேனை அழைக்கும் வௌவால் விளக்கைப் போலீசார் யாரும் போடக் கூடாது; சட்டப்படி அவனுக்கும் காவல்துறைக்கும் தொடர்பே இல்லையே! அதற்கென்று அலுவலகத்தில் ஒரு தற்காலிகப் பெண் ஊழியர் இருக்கிறார், அவர்தான் போய் சுவிட்சைப் போடுவார். அவரைப் பற்றி இரண்டு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள்.

தங்கள்,
ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவர்,
திருநெல்வேலி