கொழும்பின் தமிழ் இளையோர் போதைச் சிகிச்சைக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி ஆகிய பகுதிகளில் ஐஸ், ஹெரோயின் என்பவற்றுடன் இளைஞர்கள் கைதாகும் செய்திகளைப் பத்திரிகைகளில் தொடர்ந்து வாசித்து வருகிறோம். எத்தனை கிராம் பிடிபட்டது, எந்த நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்பட்டனர், எத்தனை நாள் விளக்கமறியல் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. விற்றவனைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும்தான். ஆனால் அதைப் பாவித்த பதினேழு வயதுப் பையன் அதன்பிறகு சிகிச்சைக்கு எங்கே போனான், அங்கே அவனோடு யார் எந்த மொழியில் பேசினார்கள் என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. வடகொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சிகிச்சை வசதிகளே இல்லை என்று சொன்னால் அது அநியாயமாகும். 1984 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கமவிலும் கண்டி, காலி, நிட்டம்புவ பகுதிகளிலும் தங்கியிருந்து சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. அச்சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது. அரச பொது வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் ஒரு சதமும் செலவின்றி மனநல வைத்திய நிபுணரைக் காணலாம். 1974 இல் தொடங்கிய சுமித்ரயோ போன்ற தொண்டு அமைப்புகளும் உள்ளன. இவ்வளவு இருந்தும் எங்கள் பகுதிப் பெற்றோர் பலர், பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கோயில் பூசகரிடமும் தேவாலயப் பாதிரியாரிடமும் முதலில் போய் நிற்கிறார்கள். அவர்களை அறியாமைக்காரர் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் தமிழில் பேசலாம், பெயரும் விலாசமும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஐஸ் என்று இங்கே சொல்லப்படும் மெத்தம்பெட்டமின் ஒரு மனநலப் பிரச்சினையும்கூட என்பதைப் பலர் இன்னும் உணரவில்லை. அதைத் தொடர்ந்து பாவிக்கும் பையன் நாட்கணக்கில் தூங்காமல் இருப்பான். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று சந்தேகப்படுவான். காதில் இல்லாத குரல்கள் கேட்கும். வீட்டார் இதைப் பேய் என்றோ செய்வினை என்றோ எண்ணுவது இந்தக் கட்டத்தில்தான். பாவனையை நிறுத்தியதும் நிலைமை மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. நாள் முழுவதும் தூக்கம், எதிலும் பிடிப்பின்மை, வாரக்கணக்கில் நீடிக்கக்கூடிய மனச்சோர்வு, சிலரிடம் தற்கொலை எண்ணம். "இப்போது விட்டுவிட்டான், ஆளும் அமைதியாகிவிட்டான்" என்று குடும்பம் ஆறுதல் கொள்ளும் அந்த நாட்களே மிகுந்த கவனம் வேண்டிய நாட்கள். மறுபுறத்தில், போதையைத் தொடுவதற்கு முன்பே மனச்சோர்வோ பதற்றமோ இருந்து, அதை மறக்கவே பாவிக்கத் தொடங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். மனநோய்களில் ஏறக்குறைய பாதி பதினான்கு வயதளவிலேயே அரும்பிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அப்படியிருக்கப் போதைக்கு ஓரிடமும் மனதுக்கு வேறோரிடமும் என்று பையனை அலைக்கழிப்பதில் பொருளில்லை. பதினாறு, பதினேழு வயதுக்காரரின் நிலை இன்னும் இடைஞ்சலானது. சிறுவர் கிளினிக்குக்கு அவர்கள் பெரியவர்கள். வளர்ந்தோர் விடுதியில் நாற்பது வயதுக் குடிநோயாளருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடத்துவதற்கோ மிகவும் சிறியவர்கள்.

ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன், பியூப்ரனோர்ஃபின் போன்ற மருந்துகள் உலகின் பல நாடுகளில் கொடுக்கப்படுகின்றன. ஐஸுக்கு அவ்வாறு நிரூபிக்கப்பட்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. மனப்பிரமை, மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருந்து கொடுக்கலாம். அடிமைத்தனத்துக்கான சிகிச்சை பெரும்பாலும் உளவளத்துணையும் குடும்பத்தோடு சேர்ந்து நடத்தும் உரையாடலும்தான். ஆசை எந்த நேரத்தில் எழுகிறது, எந்த நண்பன் கூப்பிடும்போது மறுக்க முடியவில்லை, வீட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் அவன் வாய்விட்டுச் சொன்னாலன்றி சிகிச்சை ஓர் அடிகூட நகராது. கால் முறிந்தவனுக்கு அவன் மொழி தெரியாத வைத்தியரும் மாவுக்கட்டுப் போட்டுவிடலாம். இதில் அது நடவாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அரச சிகிச்சை நிலையம் ஒன்றில் உளவளத்துணையாளர் அன்பானவர், பொறுமையானவர், ஆனால் சிங்களம் மட்டுமே தெரிந்தவர். பையனுக்குச் சந்தையில் பேசுமளவு சிங்களம் வரும். மனதிலிருப்பதைச் சொல்லுமளவு வராது. ஆகவே அவனுடைய தாயே மொழிபெயர்ப்பாளராக நடுவில் உட்கார்ந்தார். தாய் கேட்கக்கூடாதவற்றைத் தாயின் வாயாலேயே சொல்ல வேண்டிய நிலையில் எந்தப் பதினேழு வயதுப் பையன் உண்மை பேசுவான்? எல்லாக் கேள்விக்கும் "பிரச்சினை இல்லை" என்று பதில் சொல்லிவிட்டு வந்தவன் அடுத்த தவணைக்குப் போகவில்லை. ஒத்துழைக்க மறுத்தார் என்ற குறிப்போ வேறு ஏதோ ஒன்றோ அவனுடைய கோப்பில் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. அதன் பயனாகப் பெயர்ப்பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் இருக்கிறது (எழுத்துப்பிழைகளோடு என்றாலும்). ஆனால் போதைச் சிகிச்சையில் நமக்கு வேண்டியது நாற்காலியில் எதிரே அமர்ந்து தமிழில் கேட்கும் ஒரு மனிதர். வடக்கிலும் கிழக்கிலும் இது இயல்பாகக் கிடைக்கக்கூடும். தமிழர், முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் எனத் தமிழ் பேசுவோர் இவ்வளவு பெருந்தொகையாக வாழும் கொழும்பில் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

இதற்கிடையில் பொலிஸ் வழியாகச் செல்லும் பாதை மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் நீதவானின் உத்தரவின்பேரில் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப இடமளிக்கிறது. 2023 டிசம்பரில் ஆரம்பித்த, போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய பொலிஸ் நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். போதைக்கு அடிமையானவர்களைத் தடுத்துவைக்கும், பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்ததையும், தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடிவிட்டுச் சமூக மட்டத்தில் தன்விருப்பச் சிகிச்சையை அளிக்குமாறு ஐக்கிய நாடுகளின் பன்னிரண்டு அமைப்புகள் 2012 இலேயே கூட்டாகக் கேட்டுக்கொண்டன. மருத்துவ ரீதியிலும் இதில் ஓர் ஆபத்து உண்டு. பல மாதங்கள் ஹெரோயின் இல்லாமல் அடைபட்டிருந்தவரின் உடல் அதன் தாக்கத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். விடுதலையாகும் நாளில் இதை அவருக்கும் வீட்டாருக்கும் அவர்களுடைய மொழியில் விளக்கிச் சொல்வது மிகச் சிறிய வேலை.

பொலிஸ் பயத்தை அகற்றினால் நோயாளர் முன்வருவார்களா என்று கேட்போருக்கு நம் நாட்டு அனுபவம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டதே பின்னர் அது பெருமளவு குறைந்ததற்கு முதன்மைக் காரணம். அதே காலப்பகுதியில், 1998 இல், தற்கொலை முயற்சி ஒரு குற்றம் என்ற நிலையும் நீக்கப்பட்டது. உயிர் தப்பியவரை வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துக் குற்றவாளியாக்கத் தேவையில்லை என்று அன்று இந்த நாட்டால் முடிவெடுக்க முடிந்தது. தானாகச் சிகிச்சை கேட்டு வரும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் விடயத்திலும் அவ்வாறே முடிவெடுப்பது எட்டாத காரியமல்ல.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் இந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. கல்யாணம் தடைப்படும் என்ற அச்சத்தில் வீட்டார் மூடிமறைக்கிறார்கள்; இரகசியம் காக்கும் தமிழ் பேசும் பெண் உளவளத்துணையாளர் ஒருவர் அருகில் இருந்தால் அந்த நிலை கொஞ்சமாவது மாறும்.

புதிய கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. கொழும்பு மாநகர சபைக்கு ஏற்கெனவே மருந்தகங்கள் இருக்கின்றன. அவற்றுள் வடகொழும்பில் உள்ள ஒன்றில், பாடசாலையும் தனியார் வகுப்பும் முடிந்த பின்னர் வாரத்தில் இரண்டு மாலைகள், தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரும் மனநலத்தில் பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவரும் அமரட்டும். போதை, மனச்சோர்வு, தூக்கமின்மை எதற்காக வந்தாலும் அதே அறைக்கே வரலாம் என்றிருந்தால், வாசலில் நிற்பவன் எதற்காக நிற்கிறான் என்று அயலவர் ஊகிக்கவும் முடியாது. 1926, 1927 ஆகிய இலக்கங்களை அழைப்பவருக்குத் தமிழில் பதில் எந்நேரமும் உறுதியாகக் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். பாடசாலைகளின் ஆலோசனை, வழிகாட்டல் ஆசிரியருக்கு, மாணவனை அனுப்பிவைக்க ஒரு பெயரும் ஒரு நேரமும் கையில் இருக்க வேண்டும். இன்று அவரிடம் இருப்பது பெரும்பாலும் அதிபரின் தொலைபேசி இலக்கமும் பொலிஸ் நிலையத்தின் இலக்கமும்தான். சுகாதார அமைச்சும் மாநகர சபையும் ஒரு வருடத்துக்கேனும் இதைப் பரீட்சித்துப் பார்த்து, எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் இரண்டாம் தடவையும் வந்தனர் என்ற விபரத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொழும்பு 13.