முதலில் கடை, அப்புறம் மாத்திரை

திருச்சி,
மார்ச் 18

அன்புள்ள மூர்த்தி,

நலம். தங்கச்சியும் பேரனும் நலமா? மதுரைக்குப் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நீ கேட்டதற்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவாய். எழுதிவிட்டால் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வாய், மதுரையில் இறங்கியதும் ஒரு தடவையாவது எடுத்துப் பார்ப்பாய்.

சர்க்கரை வந்துவிட்டது என்று சொன்னபோது உன் குரல் துக்க வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வங்கித் தணிக்கை என்று மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஊர் லாட்ஜில்தான் என் படுக்கை. கண், கால் எல்லாம் இன்னும் என் வசம்தான் இருக்கின்றன. அதனால் சித்திரைத் திருவிழாவுக்குப் போகலாமா வேண்டாமா என்ற யோசனையை விடு. போய் வா.

வெளியூர்ச் சாப்பாட்டில் எண்ணெய், விலை, சுத்தம் பற்றியெல்லாம் எல்லாரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்குப் புரிய வெகு நாளானது வேறொன்று. நல்ல சாப்பாடு பெரும்பாலும் லாட்ஜ் வாசலிலிருந்து பத்து நிமிஷ நடையில்தான் இருக்கிறது, ஆனால் அது நாள் முழுக்க இருப்பதில்லை. இட்லி அவிக்கிற அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்டுவார், ஒன்பதரைக்கெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். கூழ் வண்டி வெயில் ஏறும்போது வரும். சுண்டல் சாயங்காலம். எதையும் கவனிக்காமல் இரவு ஒன்பது மணிக்கு இறங்கிப் போனால் பரோட்டாவும் ஃபிரைட் ரைஸும்தான் உன்னை வரவேற்கும். அப்புறம் ஊரையே குறை சொல்வோம்.

இந்தப் பாடத்தை நான் கற்ற விதம் கொஞ்சம் மோசமானது. சில வருஷத்துக்கு முன் ஒரு சின்ன ஊரில் தங்கியிருந்தேன். காலையில் எழுந்ததும் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாவதானமாகக் குளித்து, கீழே இறங்கினால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. அன்றைக்குக் கடையடைப்பு. முந்தின நாள் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு தெரு சுற்றியதில் கை நடுங்க ஆரம்பித்தது, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது, கண் முன்னால் பூச்சி பறந்தது. பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்த ஒரு டீக்கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்ததுமே ஸ்டூலை இழுத்துப் போட்டார். சர்க்கரை அள்ளிப் போட்ட டீ, இரண்டு வாழைப்பழம். காசு கொடுத்தபோது, "மொதல்ல உக்காருங்கய்யா" என்றார். கால் மணி நேரத்தில் மனுஷனானேன்.

அன்றிலிருந்து எந்த ஊரானாலும் முதலில் கடை, அப்புறம்தான் மாத்திரை. உனக்கு எழுதிக் கொடுத்திருப்பது மெட்ஃபார்மின் மட்டும் என்றால், சர்க்கரை இப்படிச் சட்டென்று இறங்கிவிடும் என்ற பயம் குறைவு. கூடவே கிளிமிபிரைட் இருந்தால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் ஊர் சுற்றக் கூடாது. சீட்டைப் பார்த்துக்கொள், சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேள். பையில் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை, நான்கு குளுக்கோஸ் பிஸ்கட். பிஸ்கட் ஆபத்துக்கு மட்டும், பஸ்ஸில் கொறிக்க இல்லை.

மதுரை விஷயத்தில் நீ அதிர்ஷ்டக்காரன். நடப்பதற்கென்றே கோடு போட்ட ஊர் அது. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் அறை கிடைத்தால் எடு. திருவிழாச் சமயம், இப்போதே சொல்லி வைத்தால்தான் உண்டு. வந்த அன்று பெட்டியை வைத்துவிட்டுப் படுக்காமல் ஒரு சுற்று நட. எந்தக் கடையில் ஆவி பறக்கிறது, எங்கே உள்ளூர்க்காரன் நின்றபடி சாப்பிடுகிறான், எங்கே ஒரே எண்ணெய்ச் சட்டி காலையிலிருந்து கொதிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். நேரம் தவறினாலும் மன்னிக்கிற ஊர் எனக்குத் தெரிந்து மதுரை ஒன்றுதான். இரவு பதினொரு மணிக்கும் அங்கே சூடான இட்லி கிடைக்கும். ஆனால் மூன்றோடு எழுந்துவிடு. நான்கு வகைச் சட்னியைப் பார்த்தால் கை தானாக ஐந்தாவது இட்லியைக் கேட்கும்.

காலை நேரத்தில் அம்மா உணவகம் கண்ணில் பட்டால் கௌரவம் பார்க்காதே. 2013-ல் சென்னையில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் வந்தது. இட்லி 1 ரூபாய், மதியம் தயிர்சாதம் 3 ரூபாய். வங்கி அதிகாரியாக இருந்தவன் அங்கே நிற்பதா என்று முதலில் எனக்கும் இருந்தது. ஒரு நாள் வரிசையில் நின்றபின் அது போய்விட்டது.

கூழ் பற்றி ஒரு எச்சரிக்கை. கம்பு, கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கோடையில் தினமும் பெரிய சொம்பில் கேழ்வரகுக் கூழ். சந்தேகம் வந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 230! நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ரத்தத்தில் கலக்கும். இப்போது சின்ன டம்ளர்தான். மோர் நிறைய விடச் சொல்லி, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்கிறேன். மோர் மிளகாயும் வற்றலும் உப்பில் ஊறி எண்ணெயில் பொரிந்தவை. உனக்குப் பிரஷரும் உண்டு என்பதை மறந்துவிடாதே.

மதியச் சாப்பாட்டுக்கு என் வழி இதுதான். அளவுச் சாப்பாடு வாங்கி, பொரியலும் கூட்டும் இன்னொரு கிண்ணம் காசு கொடுத்துக் கேட்டு, அதை முதலில் முடித்துவிடுவேன். சோறு வருவதற்குள் பாதி வயிறு நிறைந்திருக்கும். சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மெஸ்ஸில் சாப்பிட்டால் குழம்பு மீன் வாங்கு, வறுவல் வேண்டாம்.

திருவிழாவில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் இருக்கும். நீர்மோரை நம்பிக் குடி. பானகம் வெல்லம். பருத்திப்பாலும் கருப்பட்டி போட்டது, ஒரு வாய்தான். ஜிகர்தண்டாவைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. வெள்ளரிப் பிஞ்சும் நுங்கும் வந்திருக்கும். கொய்யா விற்பவரிடம் மிளகாய்ப் பொடி தூவாமல் கேள்.

அண்ணா நகர் உழவர் சந்தைக்கு லாட்ஜிலிருந்து நடக்க முடியாது, ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆனாலும் ஒரு காலை ஷேர் ஆட்டோவில் போய் வா. 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அங்கேதான் தொடங்கியது. வெள்ளரி, கேரட், கொய்யா என்று இரண்டு நாளைக்கு வாங்கி அறையில் வைத்துக்கொள். ஒரு சின்னக் கத்தி கொண்டு போ. நான் பல்லால் கடித்துப் பல் டாக்டருக்கு அழுதவன்.

நெல்லையில் நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் அல்வாவுக்கு ஒரு வரிசை நிற்கும். நானும் நின்றிருக்கிறேன், 100 கிராம் வாங்கி மனைவிக்கு என்று சொல்லி, பஸ்ஸில் பாதியை முடித்துவிட்டேன். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இல்லை.

ராத்திரி பஸ்ஸில் போவதானால் நடுவில் நிற்கும் மோட்டலில் தண்ணீர்கூட வாங்காதே. போன மாதம் அப்படி ஒரு இடத்தில் ஆறிப்போன தோசைக்கு வாங்கிய காசில் நம்மூரில் இரண்டு பேர் சாப்பிட்டுவிடலாம். பகல் ரயிலில் போ. வீட்டிலிருந்து சப்பாத்தி கட்டிக்கொள்ள வசதி.

இங்கே சின்னவளுக்கு மாற்றல் வந்து கோவைக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு முட்டிவலி, அதோடும் தென்னூர் உழவர் சந்தை வரை காலையில் நடந்துவிடுகிறேன். திரும்பும்போது திருச்சியில் இறங்கு. என் மனைவி உனக்காக முருங்கைக்கீரை அடை செய்வதாகச் சொல்லியிருக்கிறாள், எண்ணெய் பார்த்துத்தான் விடுவாளாம். அப்படியே, 2009-ல் குற்றாலம் போனபோது உன் பையில் போன என்னுடைய எவர்சில்வர் சொம்பையும் கொண்டு வா.

உன்,
கோபால்